ஹப் டைனமோவுக்குத் தமிழில் என்ன சொல்? ஒரு மடலாடல்

மடல் 1 (கோவை)

நண்பர்களுக்கு வணக்கம்.

சைக்கிள் முன்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்புக்குள்ளேயே மின்சாரம் எடுக்கும் கருவியைப் பொருத்துவதற்கு ஒரு கையேடு தமிழில் தயாராகி வருகிறது. முதல் வரியிலேயே சொல் இடிக்கிறது. "டைனமோ" என்று மட்டும் எழுதினால், டயரில் உரசி ஓடும் பழைய புட்டி வடிவ டைனமோதான் படிப்பவர் நினைவுக்கு வரும். இது அதுவல்ல. புட்டி மழையில் வழுக்கும், டயரின் பக்கத்தைத் தின்னும், மிதிக்கும்போது காலில் கனம் தெரியும். ஹப்புக்குள் இருப்பதில் எதுவும் எதையும் உரசுவதில்லை. அச்சு அசையாமல் நிற்கிறது. அதன்மேல் செப்புக் கம்பிச் சுருள், சுருளை இரு பக்கமும் கவ்வும் இரும்பு நகங்கள், வெளியோட்டின் உட்புறத்தில் நிலைக்காந்த வளையம். சக்கரத்தோடு காந்தம் சுற்றும், சுருளில் மின்சாரம் வரும். அவ்வளவுதான்.

இதுவரை பரிந்துரைக்கப்பட்டவை: அச்சு மின்னாக்கி, மைய மின்னாக்கி, சக்கர மின்னாக்கி, குட மின்னியற்றி. "சக்கர மின்னாக்கி" என்றால் புட்டிக்கும் பொருந்திவிடும். "மைய" என்பது எதன் மையம் என்று தெரியவில்லை. என் சாய்வு "அச்சு மின்னாக்கி" பக்கம். வண்டி நின்ற பிறகும் எரியும் விளக்குக்கும், டைனமோவுக்கும் செல்பேசிக்கும் நடுவில் வைக்கும் சிறு பேட்டரிக்கும் சொல் வேண்டும்.

மடல் 2 (திருச்சி)

"அச்சு" வேண்டாம் என்பது என் கருத்து. சுருள் அச்சின்மேல்தான் இருக்கிறது என்பது சரி. ஆனால் கடையில் வாங்குவதும், போக்ஸ் கம்பி கோப்பதும், சக்கரத்தோடு கழற்றிப் பூட்டுவதும் முழு ஹப்பைத்தான். கையேட்டில் "அச்சைக் கழற்றவும்" என்று எங்காவது ஒரு வரி வந்து, படிப்பவர் உள்ளே இருக்கும் அச்சையே உருவினால் சுருளின் கம்பி அறுந்துவிடும்.

வண்டிச் சக்கரத்தின் நடுக்கட்டைக்குத் தமிழில் "குடம்" என்று நல்ல சொல் இருக்கிறது. ஆரக்கால்கள் வந்து சேரும் இடம் அதுதான். பழைய இலக்கியத்தில் "குறடு" உண்டு, ஆனால் இன்று பட்டறையில் குறடு என்றால் கம்பியைப் பிடிக்கும் கருவி. ஆகவே குடம்.

இரண்டாம் பாதிக்கு "மின்னியற்றி" போதும், தமிழகப் பள்ளிப் பாடநூலில் இருப்பது அதுதான். டைனமோ என்பதே இங்கே இறுக்கமான பொருளில் சரியில்லை. திசைமாற்றி வைத்து நேர்மின்னோட்டம் தரும் இயந்திரத்துக்கு வந்த பெயர் அது. ஹப்பிலிருந்து வருவது மாறுதிசை மின்னோட்டம். ஜப்பானிய ஷிமானோ நிறுவனத்தின் ஹப்புகளில் 28 காந்தத் துருவங்கள், அதாவது 14 இணை. 28 அங்குலச் சக்கரம் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 1.9 சுற்றுச் சுற்றும். அதை 14 ஆல் பெருக்கினால் 27 ஹெர்ட்ஸ். மெதுவாகப் போகும்போது பழைய குமிழ் விளக்கு துடித்துத் துடித்து எரிவது இதனால்தான்.

பெயரைவிட எனக்குக் கவலை தருவது கையேட்டில் இருக்கும் "6 வோல்ட் தரும்" என்ற தொடர். அது தவறான எண்ணத்தை ஊட்டும். விளக்கு போன்ற 12 ஓம் மின்சுமையை இணைத்து, 15 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் ஏறத்தாழ 6 வோல்ட், அரை ஆம்பியர், 3 வாட். சுமையை மாற்றினால் வோல்ட் மாறும், ஆம்பியர் அநேகமாக மாறாது. வேகம் கூடக்கூடச் சுருளில் தூண்டப்படும் மின்னழுத்தமும் கூடுகிறது, அதே விகிதத்தில் சுருளின் தூண்டல் மறுப்பும் கூடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால் மின்னோட்டம் அரை ஆம்பியரை ஒட்டியே நிற்கிறது. எனவே "அரை ஆம்பியர் தரும்" என்று எழுதுங்கள்.

இதன் மறுபக்கம் ஆபத்தானது. சுமையே இல்லாமல் விட்டால் மணிக்கு 1 கி.மீ.க்கு ஏறத்தாழ 1 வோல்ட் என ஏறும். 40 கி.மீ. வேகத்தில் இறக்கத்தில் இறங்கினால் உச்ச மதிப்பு 50 வோல்ட்டைத் தாண்டும். பழைய குமிழ் விளக்குகளில் பின்விளக்கு போனால் சற்று நேரத்தில் முன்விளக்கும் போவது இதே காரணத்தால்தான், அதன் பங்கு மின்னோட்டமும் மிச்சமிருக்கும் குமிழுக்கே வந்து சேரும்.

மடல் 3 (ஸ்டுட்கார்ட்)

வணக்கம். இலங்கைப் பாடநூல்களிலை இதுக்கு "மின்பிறப்பாக்கி" எண்டுதான் இருக்குது. ஆனாலும் "குட மின்னியற்றி" எண்டால் எங்கட ஆக்களுக்கும் விளங்கும், குடம் எண்ட சொல் மாட்டு வண்டிச் சில்லுக்கு இரண்டு கரையிலும் ஒண்டுதான். 1990களின்ரை முற்பகுதியிலை மின்சாரமும் பற்றரியும் இல்லாத யாழ்ப்பாணத்திலை சைக்கிள் சில்லைக் கையாலை சுத்தி, டைனமோவிலை வானொலி கேட்ட சனம் எங்கட சனம். "டைனமோ" எண்ட சொல்லை அவையிட்டை இருந்து ஒருத்தராலும் பிடுங்கேலாது. அதுக்கு "உரசு டைனமோ" எண்டு அடைமொழி குடுத்துவிட்டு, இதைக் குட மின்னியற்றி எண்டு வைப்பம். சரியாயிருக்கும்.

இஞ்சை ஜேர்மனியிலை இது அன்றாடப் பொருள். 2013 வரைக்கும் 11 கிலோவுக்கு மேற்பட்ட சைக்கிளுக்கு டைனமோ கட்டாயம். பிறகுதான் பற்றரி லைற்றை எல்லாத்துக்கும் அனுமதிச்சவை. கட்டாயம் போனாப்பிறகும் சனம் விடேல்லை. 6 வோல்ற், 3 வாற். அதிலை முன்னுக்கு 2.4, பின்னுக்கு 0.6 எண்ட பங்கீடு அந்தக் காலத்துக் குமிழ்களிலை இருந்து வந்தது. தூபிங்கனிலை செய்யிற சோன், ஷிமானோ, தாய்வானின்ரை ஷட்டர் பிரிசிஷன், இந்த மூண்டுதான் கடையளிலை கூடுதலாக் காணலாம். ஆனால் குடத்துக்குள்ளை மின்சாரம் எடுக்கிறது ஜேர்மன்காரற்றை புதுக் கண்டுபிடிப்பு இல்லை. இங்கிலாந்து நாட்டிங்ஹாமிலை ஸ்டர்மி ஆர்ச்சர் 1936இலேயே டைனோஹப் எண்டு வித்தவை, 1984 வரை செய்தவை. அந்தப் பழசு ஒண்டு ஆற்றையும் கையிலை கிடைச்சால் ஒரு எச்சரிக்கை: காந்த வளையத்துக்குள்ளை இருந்து சுருளை வெறுமனே வெளியிலை இழுத்தால் காந்தம் வலு இழந்துபோகும். இழுக்கேக்கையே ஒரு இரும்பு வளையத்தை அந்த இடத்துக்குள்ளை தள்ளவேணும்.

நிண்டாப்பிறகும் எரியிற லைற்றுக்கு "நிறுத்தொளி" எண்டு போடலாம். உள்ளுக்கை 1 பாரட் அளவிலை ஒரு மின்தேக்கி இருக்கும் (நாங்கள் கொள்ளளவி எண்டுறம்). சிக்னலிலை நிக்கேக்கை அதுதான் சில நிமிசத்துக்கு லைற்றைத் தாங்கும்.

மடல் 4 (மதுரை)

ஐயா, அண்ணா எல்லாருக்கும் வணக்கம். சைக்கிள் கடையில் யாரும் குடம் என்று சொல்ல மாட்டார்கள். ஹப், கோன், பால்ஸ், போக்ஸ் கம்பி, ரிம், பெண்டு எடுப்பது. இதுதான் கடைப் பேச்சு. அதற்காகத் தமிழ்ச்சொல் வேண்டாம் என்று சொல்லவில்லை. கையேட்டில் முதல் தடவை வரும்போது "ஹப் டைனமோ எனப்படும் குட மின்னியற்றி" என்று எழுதிவிட்டுப் பிறகு தமிழ்ச்சொல்லையே தொடருங்கள். போக்ஸ் கம்பிக்கு மட்டும் ஆரக்கால் என்று போடாதீர்கள். அந்தச் சொல்லைக் கொண்டுபோய்க் கேட்டால் கடையில் சாமான் கிடைக்காது.

பொருத்தும் பகுதி மிகச் சுருக்கமாக இருக்கிறது. நம் ஊர் பெரிய சைக்கிளில் முன் ரிம்முக்கு 32 துளை, பின் ரிம்முக்கு 40. குட மின்னியற்றி 32, 36 இரண்டிலும் வருகிறது, ஆகவே 32 வாங்கினால் ரிம் மாற்ற வேண்டாம். ஆனால் போக்ஸ் கம்பி மாற்ற வேண்டும். புதிய குடத்தின் விளிம்பு அகலம், பழைய கம்பி நீளமாகி நிப்பிளுக்கு வெளியே துருத்திக்கொண்டு டியூபைக் குத்தும். அடுத்து ஃபோர்க். மின்னியற்றியின் அகலம் 100 மி.மீ., பெரிய சைக்கிள் ஃபோர்க் அதைவிடக் குறுகலாக இருக்கும், அச்சுப் பள்ளமும் 8 மி.மீ. அச்சுக்கு வெட்டியது. மின்னியற்றியின் அச்சு 9 மி.மீ. அல்லது அதற்கு மேல். இரண்டு பக்கப் பள்ளத்தையும் ஒரே அளவு அரம் போட வேண்டும். ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்தால் சக்கரம் சாய்ந்து நிற்கும், எவ்வளவு பெண்டு எடுத்தாலும் நிமிராது.

ஷிமானோவில் மின்முனை ஓட்டுபவரின் வலக்கைப் பக்கம் வர வேண்டும். திருப்பிப் பூட்டினால் ஓட ஓட அச்சு நட்டு தளர வழி உண்டு. வயரைக் குத்தும் பிளாஸ்டிக் மூடியில் இரண்டு வயர்களின் பிசிறுகளையும் முறுக்கி, தனித்தனிப் பள்ளத்தில் மடித்து அழுத்த வேண்டும். ஒரு பிசிறு எதிர்ப் பள்ளத்தைத் தொட்டாலும் விளக்கு எரியாது. "டைனமோ செத்துப்போச்சு" என்று கடைக்கு வருவதில் இதுவே முதலில் பார்க்க வேண்டிய இடம்.

மடல் 5 (திருச்சி)

மதுரை நண்பர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஷிமானோவில் ஒரு மின்முனை அச்சோடு, அதாவது சைக்கிள் சட்டத்தோடு சேர்ந்தது. சோனில் இரண்டு முனைகளும் அச்சிலிருந்து பிரிந்தவை. மாறுதிசை மின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் "திருத்தி" சுற்றை நாமே கட்டும்போது இந்த வேறுபாடு முக்கியம். நான்கு டயோடுப் பாலத்துக்குப் பின் வரும் எதிர்முனையும், மின்னியற்றியின் சட்டத்தைத் தொடும் முனையும் ஒன்றல்ல. யூ.எஸ்.பி. உறையின் உலோகம் ஹேண்டில்பாரைத் தொட்டால் பாலத்தின் ஒரு டயோடு குறுக்கிணைந்துவிடும். அலையின் ஒரு பாதி முழுவதும் வீண், செல்பேசி பாதி வேகத்தில் ஏறும், காரணம் தெரியாது. உறையைப் பிளாஸ்டிக்கில் செய்வதே நல்லது.

டயோடுகள் ஷாட்கி வகையாக இருக்கட்டும். சாதாரண சிலிக்கானில் இரண்டு டயோடு சேர்ந்து 1.4 வோல்ட் போய்விடும், 6 வோல்ட்டில் அது ஏறத்தாழக் கால்பங்கு. 1என்5819 மலிவு, ஆனால் 40 வோல்ட் வரைதான் தாங்கும். எஸ்.பி.1100 போல 100 வோல்ட் தாங்குவதைப் போடுங்கள்.

விளக்கு மட்டும் வேண்டுமென்றால் சுற்று மிக எளிது. பாலத்துக்குப் பின் இரண்டு வெள்ளை எல்.இ.டி.களைத் தொடராக இணைத்தால் போதும். மின்னோட்டத்தை மின்னியற்றியே கட்டுப்படுத்துவதால் தடையம் தேவையில்லை. எல்.இ.டி. ஒவ்வொன்றும் 3 வாட் வகை, அலுமினியத் தகட்டின்மேல். துடிப்பைக் குறைக்க 4700 மைக்ரோஃபாரட் மின்தேக்கி. எல்.இ.டி. வயர் அறுந்தால் மின்தேக்கியில் வோல்ட் ஏறி அது வெடிக்கும் என்பதால், பக்கத்திலேயே ஒரு காப்பு டயோடும் வேண்டும்.

செல்பேசிக்கு இது போதாது. கடையில் கிடைக்கும், வோல்ட்டைக் குறைத்து 5 வோல்ட் தரும் இறக்கு மாற்றியை அப்படியே மாட்டுவதுதான் பலரும் செய்வது, அங்கேதான் சிக்கல். உள்ளீட்டு வோல்ட் குறைந்தால் மாற்றி கூடுதல் ஆம்பியர் இழுக்கும். மின்னியற்றியால் அரை ஆம்பியருக்கு மேல் தர முடியாது. வோல்ட் இன்னும் சரியும், மாற்றி இன்னும் இழுக்கும், கடைசியில் இரண்டும் அடிமட்டத்தில் மாட்டிக்கொள்ளும். 25 கி.மீ. வேகத்திலும் மின்னேற்றம் நடக்காது. மின்தேக்கியில் 9 வோல்ட் ஏறிய பிறகு மாற்றி தொடங்க வேண்டும், 7க்குக் கீழே நிற்க வேண்டும். மேல் எல்லைக்கு, குறித்த வோல்ட்டைத் தாண்டினால் மின்சாரத்தைக் கடத்திவிடும் ஜீனர் டயோடை நம்பாதீர்கள். 15 வோல்ட்டில் அரை ஆம்பியர் என்றால் 7.5 வாட், ஜீனர் பொசுங்கும். அதைவிட, வோல்ட் எல்லை தாண்டும்போது சுருளின் இரு முனைகளையும் குறுக்கிணைக்கும் சுற்றுப் போடுங்கள். சுருளின் தடை 2, 3 ஓம்தான், ஓடுவது அதே அரை ஆம்பியர், வெப்பம் 1 வாட்டுக்குள் நின்றுவிடும். மின்சாரக் கருவிகளில் குறுக்கிணைப்பது என்றாலே நமக்குப் பயம். இங்கே குறுக்கிணைப்புதான் பாதுகாப்பு, திறந்து விடுவதுதான் கெடுதல். கையேட்டில் இதைத் தடித்த எழுத்தில் போட வேண்டும்.

நடுவில் வைக்கும் பேட்டரிக்கு "இடைக்கலம்" என்பேன். சிக்னலில் நிற்கும்போது மின்சாரம் நின்று, மறுபடி வந்தால் சில செல்பேசிகள் மின்னேற்றத்தைத் திரும்பத் தொடங்குவதில்லை. ஏறிக்கொண்டே கொடுக்கவும் கூடிய பவர் பேங்க் ஒன்றை இடைக்கலமாக வைத்தால் இது தீரும். எதிர்பார்ப்பையும் அளவோடு சொல்லுங்கள்: 20 கி.மீ. வேகத்தில் 2.5 வாட் கிடைத்தால், 4000 மில்லியாம்பியர்-மணி செல்பேசி நிரம்ப 7, 8 மணி நேரம் மிதிக்க வேண்டும். அந்த நேரத்தில் முன்விளக்கையும் முழு வெளிச்சத்தில் எரிக்க முடியாது.

மடல் 6 (கோவை)

"அச்சு மின்னாக்கி"யை விட்டுவிடுகிறேன். குட மின்னியற்றி, உரசு டைனமோ, நிறுத்தொளி, இடைக்கலம் நான்கும் கையேட்டில் ஏறுகின்றன. ஹப், போக்ஸ் கம்பி, ரிம், நிப்பிள் கடைப் பேச்சிலேயே இருக்கும். பழுது பார்க்கும் பத்தியை இப்படித் திருத்தியிருக்கிறேன்:

"ஹப் டைனமோ எனப்படும் குட மின்னியற்றியில் விளக்கு எரியவில்லை என்றால், முதலில் மின்முனை மூடியைக் கழற்றி வயர்ப் பிசிறுகளைப் பாருங்கள். பிறகு மின்னியற்றியிலிருந்து எல்லா வயர்களையும் எடுத்துவிட்டு, மல்டிமீட்டரை மாறுதிசை வோல்ட்டில் வைத்து, சக்கரத்தைத் தூக்கிக் கையால் வேகமாகச் சுற்றுங்கள். சில வோல்ட்டாவது காட்டினால் மின்னியற்றி நன்றாக இருக்கிறது, பழுது வயரிலோ விளக்கிலோதான். கையால் மெதுவாகச் சுற்றும்போது சக்கரம் விட்டு விட்டுத் தடுக்கும். அது காந்தத்தின் இழுப்பு, பால்ஸ் பழுது அல்ல. அதற்காகக் கோனைத் தளர்த்தக் கூடாது."

திருத்திக்கு இலங்கையில் "சீராக்கி" என்கிறார்கள். அங்கேயும் இந்தக் கையேடு போகும் என்பதால் இரண்டையும் முதல் தடவை சேர்த்துப் போடலாமா, அடிக்குறிப்பில் போதுமா என்று ஸ்டுட்கார்ட் நண்பர் சொல்லுங்கள். சோனில் 4.8 மி.மீ. தட்டை முனை, பின்விளக்கில் 2.8 மி.மீ. முனை. இந்த வகை வயர் முனைக்கு மதுரைக் கடையில் என்ன பெயர் சொல்லிக் கேட்பார்கள் என்பதும் தெரிய வேண்டும்.