இரண்டு ஏக்கர் நெல் ஒரு குடும்பத்தைத் தாங்குமா?

கேள்வி:
வணக்கம். மன்னார்குடி பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் நஞ்சை இருக்கிறது. அப்பாவுக்கு வயதாகிவிட்டதால் இனி நான்தான் பார்க்க வேண்டும். சம்பா பருவத்தில் கண்டுமுதல், அதாவது கைக்குக் கிடைக்கும் நெல், ஏக்கருக்கு 24 குவிண்டால் என்றால், 2025-26 பருவத்தில் சாதாரண ரகத்துக்கு மத்திய அரசின் ஆதரவு விலையோடு ஊக்கத்தொகையும் சேர்த்துத் தமிழக அரசு தரும் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் விலையில் 60,000 ரூபாய் வரும். உழவு, நடவு, உரம், களை, அறுவடை இயந்திர வாடகை எல்லாம் போக ஏக்கருக்கு 25,000 மிஞ்சுகிறது. இதை நம்பி வெளிவேலையை விடலாமா?

மறுமொழி 1:
விடாதீர்கள். உங்கள் கணக்கில் அப்பாவின் உழைப்புக்குக் கூலியும் இல்லை, நிலத்துக்கு வாடகையும் இல்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம், சாகுபடிச் செலவுக்கு மேல் குறைந்தது 50 விழுக்காடு சேர்த்து ஆதரவு விலை தர வேண்டும் என்று 2006இல் பரிந்துரைத்தது. மத்திய அரசு அந்த 50 விழுக்காட்டைக் கைச்செலவும் குடும்ப உழைப்பும் சேர்ந்த தொகையின் மீதுதான் கணக்கிடுகிறது. சொந்த நிலத்தின் வாடகையும் முதலுக்கான வட்டியும் அதில் வருவதில்லை. இது சிறு விவசாயிக்கு இழைக்கப்படும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

மறுமொழி 2:
அந்த 2,500 ரூபாயும் முழுதாகக் கைக்கு வரும் என்று எண்ண வேண்டாம். ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால், மத்திய அரசு தளர்வு அளிக்காதவரை, அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். சொந்தக் களம் இல்லாதவர்கள் சாலையோரத்தில் கொட்டி, மழை வந்தால் தார்ப்பாய் போட்டு மூடி, வெயில் கண்டதும் மறுபடி விரித்துக் காலால் துழாவிக் காய வைக்கிறார்கள். காத்திருக்க முடியாதவர்கள் வயலிலேயே வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

மறுமொழி 3:
நான் மூன்று ஏக்கரில் நெல், உளுந்து, மாடு என்று நடத்துகிறேன். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் முன்பு, சேறு மெழுகுப் பதத்தில் இருக்கும்போது ஆடுதுறை 3 ரக உளுந்து விதையைத் தெளித்துவிட்டால், உழவில்லாமல், மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலுமே அது விளைந்துவிடும். அறுவடை இயந்திரம் ஓடும் தடத்தில் முளை நசுங்குவது உண்மைதான். அதற்காகக் கைவிட்டுவிடாதீர்கள், ஏனென்றால் செலவு குறைந்த வரவு அதுதான். வைக்கோலை விற்காமல் இரண்டு மாடுகளுக்குப் போட்டால் பால் பணம் மாதாமாதம் வரும். கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டி கிடையாது. வெளியில் கடன் வாங்காதீர்கள். இவ்வளவும் சேர்ந்தாலும் பிள்ளைகள் படிப்புக்கு என் கணவரின் சம்பளம்தான்.