‘கிக்ஸ்டாண்டு’, ‘பில்டு குவாலிட்டி’: தமிழில் என்ன சொல்லலாம்?

செ. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். டேப்லெட்டாகவும் மடிக்கணினியாகவும் பயன்படும் கருவிகளை வாங்குவோருக்கான கையேடு ஒன்றை ஓர் இதழுக்காகத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்குள் அனுப்ப வேண்டும். மைக்ரோசாஃப்டின் சர்ஃபேஸ் புரோவின் முதுகில் கீழ்ப்பாதி பின்பக்கமாகப் பிரிந்து வந்து கருவியைத் தாங்குமே, அந்தக் கிக்ஸ்டாண்டுக்கு ஒரு சொல் வேண்டும். கருவி எவ்வளவு நன்றாக, உறுதியாகச் செய்யப்பட்டிருக்கிறது என்பதைக் குறிக்கும் ‘பில்டு குவாலிட்டி’க்கும் வேண்டும். ‘கட்டுமானத் தரம்’ என்றால் அடுக்குமாடி விளம்பரம் போல் இருக்கிறது.

வே. எழுதியது:

உதைகால். நல்ல வினைத்தொகை, ஒற்றுச் சிக்கலும் இல்லை.

இரா. எழுதியது:

உதைப்பது யார், ஐயா? சைக்கிளில் காலால் தட்டி விடுகிறோம். இதை விரலால் பிரிக்கிறோம். முட்டுக்கால் போதுமே. முட்டுக் கொடுப்பது தெரியாத தமிழர் உண்டா?

வே. எழுதியது:

எங்கள் ஊரில் முட்டுக்கால் என்றால் நடக்கும்போது முழங்கால்கள் இடித்துக்கொள்வது. போகட்டும். ‘கால்’ வெறும் உறுப்பின் பெயர் அன்று. காற்றும் கால், நாலில் ஒன்றும் கால், வாய்க்காலிலும் கால். குறள் 496இல் ‘கால்வல் நெடுந்தேர்’ என்னும்போது அது சக்கரம். ஆகவே கால் என்றாலே இயங்குவது. ஊன்றி நிற்பது பிறகு வந்த பொருள் என்பது என் நெடுநாள் கருத்து. காலம் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரா. எழுதியது:

பந்தல்கால் எங்கே இயங்குகிறது?

செ. எழுதியது:

ஐயா, வெள்ளிக்கிழமை.

ந. (யாழ்ப்பாணம்) எழுதியது:

முதலில் பொருளைப் பாருங்கோ. 2012இல் வந்த முதல் சர்ஃபேஸில் அது ஒரே கோணத்தில்தான் நிற்கும். அடுத்த ஆண்டு இரண்டு கோணம். 2014இல் வந்த புரோ 3இல் 150 பாகை வரைக்கும் விரும்பிய இடத்தில் நிறுத்தலாம். 2017இல் அது 165 ஆயிற்று. விட்ட இடத்தில் நிற்பதற்குக் காரணம் உள்ளே இருக்கும் உராய்வுப் பிணைச்சல். நீங்கள் கீல் என்பீர்கள், எங்கள் தச்சர்களுக்குப் பிணைச்சல். மற்றது, இது காலே இல்லை, முழு அகலத் தகடு. மேசையில் வைக்கும் படச்சட்டத்தின் முதுகில் இருக்குமே, அது மாதிரி. மடியில் வைத்தால் அந்தத் தகட்டின் விளிம்புதான் தொடையில் ஊன்றும். காலுக்காக ஏன் சண்டை?

இரா. எழுதியது:

சரியான கேள்வி. அப்படியானால் முட்டுத்தகடு. லெனோவோ யோகா போல 360 பாகை மடியும் வகைக்கு இந்தச் சொல்லே தேவைப்படாது, அங்கே வேலை முழுவதும் கீலுடையது. கையேட்டில் விசைப்பலகை தனியே கழலும் சர்ஃபேஸ் போன்றவற்றைக் ‘கழற்று வகை’ என்றும், யோகா போன்றவற்றை ‘மடக்கு வகை’ என்றும் முதலிலேயே பிரித்துவிடுங்கள்.

வே. எழுதியது:

முட்டு என்றதும் முட்டுக்கட்டைதான் நினைவுக்கு வரும். ஒரு வேலையைத் தடுப்பது என்றுதானே இன்று அதற்குப் பொருள்?

இரா. எழுதியது:

தேரோட்டத்தில் சக்கரத்துக்குக் கட்டை போடுபவரிடம் போய் இதைச் சொல்லுங்கள். அவர் இல்லாமல் தேர் திரும்பாது.

மா. எழுதியது:

பள்ளியில் கணினி நடத்துகிறேன். பிள்ளைகள் ‘ஸ்டாண்டு’ என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படித்தான். இரண்டாவது சொல்லுக்கு ‘செய்நேர்த்தி’ என்று எழுதலாமே?

வே. எழுதியது:

அழகான சொல். விதைநேர்த்தி, நேர்த்திக்கடன் எல்லாம் ‘நேர்’ வழி வந்தவைதாம். நேர்தல் என்றால் உடன்படுதல்...

ந. எழுதியது:

செய்நேர்த்தி செய்தவரின் கைத்திறம். மக்னீசியக் கலவையில் உடல் செய்து எடையைக் குறைத்தது, விளிம்பில் இடுக்கு விழாமல் பொருத்தியது, இதெல்லாம் அதில் அடங்கும். ஆனால் அமுக்கினால் வளைகிறதா, நாலு வருடத்தில் பிணைச்சல் தளருமா என்று கேட்பவருக்கு அது பதிலாகாது. அதற்குக் கட்டுறுதி.

இரா. எழுதியது:

வாங்குகிறவர் இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறார். ஒரு சொல்லைக் கொடுங்கள்.

செ. எழுதியது:

அனுப்பிவிட்டேன். முட்டுத்தகடு என்றும் கட்டுறுதி என்றும் போட்டிருக்கிறேன். கீல் அப்படியே இருக்கிறது, ந. அண்ணா பொறுத்துக்கொள்ள வேண்டும். செய்நேர்த்தி, வடிவமைப்பு பற்றிய பகுதிக்குத் தலைப்பாகிவிட்டது. அனைவருக்கும் நன்றி.

மா. எழுதியது:

நல்லது. வகுப்பில் ‘ஸ்டாண்டு’ தொடரும்.

வே. எழுதியது:

முட்டுத்தகட்டுக்கு நான் உடன்படவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். கால் பற்றிய மடலைத் தனி இழையாகத் தொடங்குகிறேன், பந்தல்காலுக்கும் விடை அதில் உண்டு.