சிமிலான் டைவ்: கிளாத்தி துரத்தினால், மான்ட்டா வந்தால், நீரோட்டம் இழுத்தால்

தாய்லாந்தின் சிமிலான் தேசியப் பூங்காவுக்கு முதல்முறை போகிறவர்கள் சுறாவை நினைத்துப் பயப்படுகிறார்கள். உண்மையில் கடிக்க வருவது டைட்டன் கிளாத்தி என்ற மீன். முக்கால் மீட்டர் வரை வளரும், பவளத்தையே உடைக்கிற பல். மணலில் கிண்ணம்போல் குழி பறித்து, முட்டைக்குக் காவல் நிற்கும்போது யாரையும் விடாது. முதுகுமுள் விறைத்து நின்றால் எச்சரிக்கிறது என்று அர்த்தம். பதறி மேலே எழும்பாதீர்கள். அதன் எல்லை நிமிர்த்தி வைத்த புனல் மாதிரி, மேலே போகப் போக விரியும். மேலேறினால் இன்னும் அதன் எல்லைக்குள்தான் இருப்பீர்கள். மீனைப் பார்த்தபடியே ஃபின்னை (காலில் மாட்டும் துடுப்பை) நடுவில் நீட்டி, அதே ஆழத்தில் பக்கவாட்டில் விலகுங்கள். ஃபின்னைக் கடித்தால் கடிக்கட்டும், கால் தப்பும்.

—

கிளாத்தி பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. அதே பூங்காவின் கோ போன் தீவுக்கு வரும் மான்ட்டா என்ற பெரிய திருக்கைக்கு வேறு முறை. மேற்கே கடலுக்குள் இறங்கும் சுண்ணாம்புப் பாறை வரப்புதான் இடம். மான்ட்டா வந்ததும் பின்னால் நீந்தாதீர்கள். துரத்தினால் ஒரே வீச்சில் போய்விடும். பாறையோரம் தாழ்ந்து அசையாமல் இருந்தால் அதுவே சுற்றிச் சுற்றி வரும். அது தலைக்கு மேல் கடக்கும்போது குமிழி வயிற்றில் மோதாதபடி ஒதுங்கிக்கொள்ளுங்கள். பார்த்துக்கொண்டே ஆழம் போய்விடுவது இங்கே சகஜம். 32% நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் 32% உள்ள காற்று) என்றால், ஆக்சிஜனின் அழுத்தம் 1.4 பாரைத் தாண்டக் கூடாது என்ற கணக்கில் 33 மீட்டர்தான் எல்லை, வரப்போ அதற்கும் கீழே போகிறது.

—

நீரோட்டத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். தீவுகளின் கிழக்குப் பக்கம் சரிவான பவளத்திட்டு, அமைதி. மேற்கே பெரிய பெரிய கருங்கல் பாறைகள். அந்தமான் கடலின் உள்ளலைகள் ஆழத்துக் குளிர்நீரைத் தள்ளிக்கொண்டு வந்து மேற்கில்தான் மோதும். தண்ணீர் திடீரென்று சில்லென்று பச்சையாகும், கை நீட்டினால் கை தெரியாது. 3 மி.மீ. தடிமன் டைவிங் உடையோடு ஒரு தலையுறையும் எடுத்துப் போங்கள். யானைத்தலைப் பாறையில் இடுக்குக்கு இடுக்கு நீரோட்டம் திசை மாறும்; எதிர்த்து நீந்தினால் காற்றுதான் தீரும். பாறையின் மறைவுக்குப் போய்விடுங்கள். சிலிண்டரின் அழுத்தம் 100 பாருக்கு இறங்கியதும் திரும்பி, 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று, படகுக்கு அடையாளம் காட்டும் மிதவையை மேலே விடுங்கள். விடும்போது மிதவையின் நூல் சுற்றிய ரீல் உங்கள் ஜாக்கெட்டில் மாட்டியிருக்கக் கூடாது. நூல் சிக்கினால் மிதவை உங்களையும் மேலே இழுத்துப் போகும். கையிலேயே பிடியுங்கள், சிக்கினால் விட்டுவிடலாம்.