முயல் குதிகால் புண்: உங்கள் வீட்டில் நடந்ததை எழுதுங்கள்

மொசைக்தரை

எங்கள் முயல் பஞ்சுவுக்கு இப்போது ஆறிவிட்டது. ஆனாலும் ஹால் தரையில் கிடந்த அந்தச் சிவப்புப் பொட்டுகள் மனதை விட்டுப் போகவில்லை. முயல் மூத்திரம் சில நாள் சிவப்பாகவே போகும், தின்ற இலைதழையின் நிறம், பயப்படாதே என்று படித்திருந்தேன். அது உண்மையும்தான். அதை நம்பி நாலு நாள் மாப் போட்டுத் துடைத்துக்கொண்டே இருந்தேன். ஐந்தாம் நாள் நகம் வெட்ட மடியில் தூக்கி வைத்தால், நைட்டியில் அதே பொட்டு. காலைத் திருப்பிப் பார்த்தேன். பின்னங்கால் இரண்டிலும் குதிகாலில் முடியே இல்லை, இடது காலில் தோல் பிளந்து ஈரமாக இருந்தது. முந்தின ராத்திரி கொத்தமல்லிக் கட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டு அந்தக் காலோடுதான் ஓடி வந்திருக்கிறது.

எங்கள் வீட்டில் கூண்டே கிடையாது. கம்பி மிதிக்காத முயலுக்கு எப்படி வரும் என்று கேட்காதீர்கள். வழவழவென்ற கெட்டித் தரையே போதும்.

அறுபதுமுயல்

கம்பிக் கூண்டு என்றாலே எல்லோரும் திட்டுகிறீர்கள். நான் ஆறு வருடமாகக் கம்பித் தரையில்தான் வளர்க்கிறேன். புழுக்கை கீழே விழுந்துவிடும், கால் ஈரமாகாது. இதுவரை புண் வந்தது இரண்டுக்குத்தான், இரண்டுமே வயதான தாய் முயல்கள்.

அதில் ஒன்று நாள் முழுக்க மூலையில் கிடந்த மரப்பலகை மேலேயே உட்கார்ந்திருக்கும். சோம்பேறி என்று நினைத்து, கழுவுவதற்காகப் பலகையை எடுத்தவன் திருப்பி வைக்க மறந்துவிட்டேன். ஒரு வாரம். அப்புறம் பார்த்தால், எடையை மாற்றி மாற்றி முன்னங்காலில் போட்டு, சூடான தரையில் நிற்பது போல் நின்றுகொண்டிருந்தது. வலிக்குத்தான் பலகையில் ஏறியிருக்கிறது.

வெல்லக்கட்டி_அம்மா

அறுபதுமுயல் சார், உங்கள் கணக்கு வேறு, எங்கள் கணக்கு வேறு. கறிக்கு வளர்க்கும் குட்டி மூன்று நான்கு மாதத்தில் விலைக்குப் போய்விடும். அதன் காலில் புண் வர நேரம் ஏது? வீட்டு முயல் எட்டுப் பத்து வருடம் அதே காலில் நிற்க வேண்டும். உங்களுக்கே வயதான தாய்களுக்குத்தானே வந்தது?

எங்களுடையதுக்கு முடி உதிர்ந்து தோல் சிவந்ததோடு நின்றது, அவ்வளவுதான் என் கதை. யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நாய் பூனைக்கு இருப்பது மாதிரி முயலுக்குப் பாதத்தில் மெத்தைச் சதை கிடையாது, முடிதான் செருப்பு. அதை வெட்டிவிடாதீர்கள். நகம் நீண்டால் விரல் மேலே தூக்கி எடை குதிகாலுக்குப் போகும், மாதம் ஒருமுறை பாருங்கள். குண்டு முயல் என்றால் தானியத் தீவனத்தைக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள், திடீரென்று பட்டினி மட்டும் போடாதீர்கள். மூத்திரம் ஊறிய கோணியை அன்றன்றே மாற்றுங்கள். தேங்காய்நார் மிதியடி சொரசொரப்பு, அதையே விரிக்காதீர்கள். அடியில் தடித்த துணி, மேலே இரண்டு மூன்று அங்குலம் காய்ந்த புல். அதைத் தின்னும், கலைக்கும், திரும்பப் போட வேண்டும். கடையில் கிடைக்கும் சொறி சிரங்கு களிம்பில் பலவும் ஸ்டீராய்டு கலந்தது, கிட்டவே கொண்டுபோகாதீர்கள். எதைத் தடவினாலும் நக்கத்தான் போகிறது. வழுக்கை மட்டும் இருந்தால் தரையை மாற்றிப் பார்க்கலாம். வீக்கம், பொருக்கு, ரத்தம் எது இருந்தாலும் டாக்டர்தான். கிருமி எலும்புக்குப் போய்விட்டால் பல முயல் பிழைப்பதில்லை.

ரெக்ஸ்பையன்

முடி வெல்வெட் மாதிரி இருக்கிறதே என்று ஆசைப்பட்டுத்தான் ரெக்ஸ் ஜாதி முயல் வாங்கினேன். பாதத்திலும் அதே குட்டை முடிதான் என்பது அப்போது உறைக்கவில்லை. புண் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. தங்கச்சிக்கு வாங்கி மீந்த அமாக்சிசிலின் ஆன்டிபயாடிக் சிரப் ஃபிரிட்ஜில் இருந்தது. குழந்தைக்கே கொடுக்கிறோமே என்று சிரிஞ்சில் அரை மில்லி வாயில் விட்டேன். மறுநாளும் விட்டேன். மூன்றாம் நாள் கழிச்சல், புல்லை மோந்துகூடப் பார்க்கவில்லை. அந்த வகை மருந்தை வாய்வழி கொடுத்தால் முயலின் குடலில் இருக்கும் நல்ல கிருமியெல்லாம் செத்துவிடும் என்று டாக்டர் சொன்னபோது அது என் துண்டுக்குள்தான் இருந்தது. அன்று சாயங்காலம் போய்விட்டது. காலில் புண் அப்போது நன்றாகக் காய ஆரம்பித்திருந்தது.

அறுபதுமுயல்

தம்பி, மனசைத் தளர விடாதே. வெல்லக்கட்டி அம்மா, பலகையை எல்லாக் கூண்டிலும் போட்டுவிட்டேன், திட்டுவதை நிறுத்தலாம்.

மொசைக்தரை

எங்களுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்புக்குப் போகவில்லை. வலிக்கு மெலாக்சிகாம், மற்றபடி கட்டுதான், ஆறு வாரம். பாதிக் கட்டை அதுவே கடித்துப் பிய்த்தது.

இப்போது வேறு பிரச்சினை. ஹால் முழுக்க மெத்தை விரித்திருக்கிறேன். இந்த வெயிலுக்கு அதையெல்லாம் தாண்டிப் போய் பீரோவுக்கு அடியில் இருக்கும் ஒன்றரை அடி வெறும் மொசைக்கில்தான் காலை நீட்டிப் படுக்கிறது. என்ன செய்கிறீர்கள் நீங்களெல்லாம்?

வெல்லக்கட்டி_அம்மா

தண்ணீர் பாட்டிலை ஃபிரீசரில் வைத்து, பழைய வேட்டியில் சுற்றி மெத்தை மேல் போடுங்கள். ஒட்டிக்கொண்டு படுக்கும். பீரோவுக்கு அடியில் அட்டைப்பெட்டியைச் சொருகிவிடுங்கள்.

மொசைக்தரை

அட்டைப்பெட்டியைத் தின்றுவிட்டது.