நானே செய்த இயர்பட்ஸில் பாடகர் குரலும் பேஸும் காணோம்: டிரைவரை மாற்றணுமா, வயரிங்கா?

செவிவழி:

வணக்கம். கூடு தனி, சத்தம் எழுப்பும் டிரைவர் தனி, கேபிள் தனி, ஜாக் தனி என்று வாங்கி ஒரு ஜோடி இயர்பட்ஸ் செய்து முடித்தேன். இரண்டு பக்கமும் சத்தம் வருகிறது. ஆனால் பாட்டாகக் கேட்க முடியவில்லை. பாடகர் குரல் எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடவில்லை, தள்ளிப் போய்விட்டது. வயலின், கோரஸ் எல்லாம் முன்னால் வந்து நிற்கின்றன. தபலாவுக்கும் பேஸ் கிட்டாருக்கும் அடியே இல்லை. கொஞ்ச நேரம் தொடர்ந்து கேட்டால் தலைக்குள் அழுத்துகிற மாதிரி ஓர் அசௌகரியம் வேறு.

விவரம்: எம்எக்ஸ்500 வடிவக் கூடு. 15.4 மி.மீ. டைனமிக் டிரைவர், 32 ஓம். கேபிள் எனாமல் பூசிய மெல்லிய இழைகள் கொண்டது. உள்ளே சிவப்பு, பச்சை, செம்பு நிறத்தில் இரண்டு என நான்கு கம்பிகள். ஜாக் 3.5 மி.மீ., மைக் கிடையாது. ஒட்டியது பி-7000 பசையால்.

போனிலும் லேப்டாப்பிலும் ஒரே கதைதான். அதே போனில் கடை இயர்போன் நன்றாகவே பாடுகிறது. டிரைவரின் பின்பக்கம் துளைகள் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய காகிதத்தை எடுத்தால் பேஸ் கூடும் என்று எங்கோ படித்தேன். எடுத்துப் பார்க்கலாமா? இல்லை, வேறு டிரைவர் வாங்குவதுதான் வழியா?

இரவுக்குயில்:

விலை குறைந்த டிரைவர் என்றால் இப்படித்தான் இருக்கும் நண்பா. ஈக்வலைசரில் 60 ஹெர்ட்ஸை ஏற்றிப் பாருங்கள். தடிமனான ஃபோம் உறை போட்டாலும் அடி கொஞ்சம் வரும்.

சால்டர்புகை:

அந்தக் காகிதத்தில் கை வைக்காதீர்கள்! ஒரு முறை பிய்த்தால் அதே மாதிரி திரும்ப ஒட்ட வராது. இரண்டு பக்கமும் இரண்டு விதமாகப் பாட ஆரம்பித்துவிடும். ஈக்வலைசரும் அப்புறம்.

டிரைவர் மட்டமாக இருந்தால் எல்லாமே மட்டமாகத்தான் கேட்கும். குரலையும் பேஸையும் மட்டும் பொறுக்கி எடுத்துப் போட்டுவிட்டு வயலினை அப்படியே விட்டுவைக்க எந்த டிரைவருக்கும் தெரியாது. பெரும்பாலான பாட்டுகளில் முதன்மைக் குரல், பேஸ், டிரம்மின் கிக் மூன்றையும் இடது வலது இரண்டிலும் சரி அளவாக வைத்துத்தான் கலப்பார்கள். இரண்டிலும் பொதுவாக இருப்பது மட்டும் கெடுகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது வயரிங்கைத்தான்.

அதிலும் இரண்டு கோளாறுகள் உண்டு. காதுக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஒன்று, ஜாக்கின் அடிப்பகுதியில், அதாவது கிரவுண்டில், பற்று விட்டுப்போவது. அப்போது இரண்டு டிரைவர்களும் தொடராக மாட்டிக்கொள்ளும். இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே அவற்றில் ஓடும். பொதுவானது எதுவோ அது மின்சாரத்திலேயே கழிந்துவிடும். இன்னொன்று, ஒரு டிரைவருக்கு மட்டும் பாசிட்டிவ் நெகட்டிவ் மாறிப்போவது.

இதைப் பிரித்தறிய எதையும் கழற்ற வேண்டாம். மூன்று சோதனை:

ஒரு காதைக் கழற்றிவிட்டு ஒற்றைக் காதில் கேளுங்கள். குரல் சாதாரணமாக வருகிறதா?

போனில் அணுகல்தன்மை அமைப்புக்குள் மோனோ ஆடியோ என்று ஒன்று இருக்கும், இடது வலதைக் கலந்து இரண்டு பக்கமும் ஒரே ஒலியை அனுப்பும். அதைப் போடுங்கள். கிரவுண்ட் விட்டிருந்தால் சத்தம் கிட்டத்தட்ட அடங்கியே போகும். பொலாரிட்டி மாறியிருந்தால் சத்தம் இருக்கும், ஆனால் பொக்கையாக இருக்கும்.

பிறகு மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து ஜாக்கில் அளந்து சொல்லுங்கள். நுனி இடது, நடு வளையம் வலது, அடிப்பகுதி கிரவுண்ட். நுனி–அடி, வளையம்–அடி, நுனி–வளையம் என மூன்று எண்கள் வேண்டும். முனை தொடும்போது டிரைவரில் லேசாகக் கரகரவென்று சத்தம் வரும், பயப்பட வேண்டாம்.

ரேடியோ மாமா:

தம்பி, இவர் சொன்னபடியே செய்யுங்கள். என் பந்தயம் டிரை சால்டர் மேல். நான்கு கம்பிக் கேபிளில் செம்பு நிறம் இரண்டையும் ஒன்றாக முறுக்கித்தானே ஜாக்கின் அடியில் வைப்பீர்கள்? அந்த உலோகம் பெரியது, சூட்டை உறிஞ்சிவிடும். மேலே ஈயம் பளபளவென்று உருண்டு நிற்கும், அடியில் பிடித்திருக்காது. இரண்டு கம்பியும் தங்களுக்குள் ஒட்டிக்கொண்டு ஜாக்கோடு ஒட்டாமல் நின்றால் சால்டர்புகை சொன்ன முதல் கோளாறு அப்படியே வரும். ரிப்பேருக்கு வருகிற இயர்போன்களில் இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

செவிவழி:

எல்லோருக்கும் நன்றி. முடிவுகள் இதோ.

ஒற்றைக் காதில் குரல் அருமையாக இருக்கிறது, இடதிலும் சரி, வலதிலும் சரி. பேஸும் வருகிறது! இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் கோளாறு.

மோனோ போட்டால் சத்தம் குறையவில்லை. பொக்கை மட்டும் அதிகமாகிவிட்டது. சத்தம் தலைக்கு வெளியே இரண்டு பக்கமும் சிதறிக் கிடக்கிறது.

மீட்டரில் நுனி–அடி 31.2, வளையம்–அடி 31.6, நுனி–வளையம் 62.4. 32 ஓம் என்று போட்டிருக்கிறதே, 31 வருவது குறையா?

சால்டர்புகை:

குறையில்லை. 32 என்பது ஏசி இம்பிடன்ஸ். மீட்டர் காட்டுவது சுருளின் டிசி ரெசிஸ்டன்ஸ். அது கொஞ்சம் குறைவாகத்தான் வரும். இரண்டு பக்கமும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதே நல்ல ஜோடி என்று சொல்கிறது.

கிரவுண்ட் நன்றாகவே பிடித்திருக்கிறது. விட்டுப்போயிருந்தால் நுனி–அடி அளக்கும்போது மீட்டர் ஓப்பன் காட்டியிருக்கும், நுனி–வளையத்தில் மட்டும் 62 வந்திருக்கும். ஒற்றைக் காதில் கேட்டாலும் குரல் திரும்பியிருக்காது. மாமாவின் பந்தயம் போச்சு. 😄 இது பொலாரிட்டிதான். ஒரு டிரைவர் காதை நோக்கித் தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கிறது.

இரவுக்குயில்:

அப்போ இரண்டு பக்க ஒலி அலையும் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்கிறது. அதனால்தான் பேஸ் போகிறது, சரியா?

ரேடியோ மாமா:

பந்தயத்தில் தோற்றதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதை அப்படியே விட முடியாது. ஹாலில் வைக்கிற ஸ்பீக்கரில்தான் அலை அடித்துக்கொள்ளும், இரண்டும் ஒரே காற்றைத் தள்ளுவதால். இயர்போனில் இடது காதுக்கும் வலது காதுக்கும் நடுவில் தலை இருக்கிறது. இரண்டு பக்கக் காற்றும் சேரவே இல்லை. மீட்டர் வைத்து அளந்தால் ஒவ்வொரு காதிலும் பேஸ் முழு அளவில் இருக்கும். 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர். அவ்வளவு நீள அலை இயற்கையில் இரண்டு காதுக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒரே திசையில்தான் அழுத்தும். ஒரு காதில் தள்ளி மறு காதில் இழுத்தால் மூளைக்கு அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நடுவில் நிற்க வேண்டிய குரல் சிதறுவதும் தம்பி சொன்ன தலை அழுத்தமும் அதனால்தான்.

சால்டர்புகை:

செவிவழி, ஈயத்தை உருக்கும் முன் உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. கணினியில் ஆடாசிட்டி போட்டுக்கொள்ளுங்கள், இலவசம். ஒரு பாட்டைத் திறந்து, ஸ்டீரியோ டிராக்கை இரண்டாகப் பிரித்து, வலதை மட்டும் தேர்ந்தெடுத்து எஃபெக்டில் இன்வர்ட் கொடுங்கள். மறுபடி ஸ்டீரியோவாகச் சேர்த்துக் கேளுங்கள். உங்கள் இயர்பட்ஸில் அது சரியாகப் பாடி, கடை இயர்போனில் பொக்கையாகப் பாடினால் வேறு சாட்சி வேண்டாம்.

செவிவழி:

செய்தேன். குரல் டக்கென்று நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது! பேஸ் இந்த டிரைவரிலா இருந்தது என்று ஆச்சரியமாக இருக்கிறது. அதே ஃபைல் கடை இயர்போனில் நாராசம்.

ஆனால் ஒன்று புரியவில்லை. டிரைவரில் சிவப்புப் புள்ளி வைத்த முனையை பாசிட்டிவ் என்று எடுத்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் வைத்தேன். இடதுக்குப் பச்சை, வலதுக்குச் சிவப்பு, செம்பு நிறம் மற்ற முனைக்கு. ஜாக்கிலும் அதே வரிசை. இப்போது கூட்டைத் திறந்து பார்த்துவிட்டேன், மாறவில்லை. பிறகு எப்படி?

சால்டர்புகை:

கம்பி மாறவில்லை என்றால் புள்ளி மாறியிருக்கிறது. அந்தப் புள்ளியை வைப்பது ஒரு ஆள்; பெட்டி பெட்டியாக வைக்கும்போது ஒன்று இரண்டு தப்பும். ஜோடியாக விற்ற டிரைவரில் இது நடப்பது எனக்குப் புதிதில்லை. இனிமேல் புள்ளியை நம்பாமல், கூட்டுக்குள் அடைக்கும் முன் தற்காலிகமாக இணைத்து மோனோவில் ஒரு பாட்டு கேட்டுவிட்டு ஒட்டுங்கள்.

ரேடியோ மாமா:

எந்தப் பக்கம் தப்பு என்று தெரிய வேண்டுமென்றால் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பார்க்கலாம் தம்பி. பேட்டரியின் பிளஸ்ஸை டிரைவரின் பிளஸ்ஸில் தொட்டால் டயாஃப்ரம், அதாவது அதிர்ந்து சத்தம் எழுப்பும் மெல்லிய சவ்வு, வெளியே வரும். காதில் வைத்துக்கொண்டு மட்டும் தொட்டுவிடாதீர்கள், பட்டென்று அறையும்.

சால்டர்புகை:

பெரிய ஸ்பீக்கருக்கு அருமையான வழி மாமா. இந்த 15.4 மி.மீ. டிரைவரில் டயாஃப்ரம் மேல் துளையிட்ட மூடி இருக்கிறது, அசைவு கண்ணுக்குத் தெரியாது. அதோடு எது தப்பு என்று தெரிந்தும் பயனில்லை. இரண்டும் ஒரே பக்கம் தள்ளினால் போதும். இரண்டுமே சேர்ந்து தலைகீழாக இருந்தால் பாட்டில் வித்தியாசம் கண்டுபிடிப்பது மிகக் கடினம். எந்தப் பக்கம் திறக்க வசதியோ அதில் கம்பியை மாற்றுங்கள்.

மாற்றும்போது கவனம். கேபிள் இழையின் எனாமல் பூச்சைக் கத்தியால் சுரண்டாதீர்கள், இழை அறுந்துவிடும். அயர்ன் நுனியில் ஒரு சொட்டு ஈயம் உருக்கி, 380 டிகிரி அளவில், அதற்குள் கம்பி முனையைப் புகை அடங்கும் வரை பிடியுங்கள். ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுச் செய்யுங்கள், அந்தப் புகை நல்லதில்லை. டிரைவரின் முனைக்கு வரும்போது 330 பக்கம் இறக்கிவிட்டு, தொட்டதும் எடுத்துவிட வேண்டும். அந்த முனையிலிருந்து சுருளுக்குப் போகும் கம்பி முடியை விட மெல்லிசு. சூடு ஏறி அது விட்டால் டிரைவர் குப்பைக்குத்தான். ஃப்ளக்ஸ் ரோசினாக இருக்கட்டும். பிளம்பர் பேஸ்ட் வேண்டாம், நாளாக நாளாக முனையை அரித்துவிடும்.

சூப்பர் க்ளூ பக்கமே போகாதீர்கள். அதன் ஆவி டயாஃப்ரம் மேல் வெள்ளையாகப் படியும். பி-7000 போதும். மொபைல் சர்வீஸ் கடைகளில் திரை ஒட்டுவது அதில்தான். திரும்பக் கழற்றவும் வரும்.

செவிவழி:

வலது பக்கத்தைத் திறந்து மாற்றியாயிற்று. சரியாகிவிட்டது! குரல் நடுவில். தபலா தபலாவாகக் கேட்கிறது. மோனோவிலும் பார்த்துவிட்டேன்.

இன்னும் ஒரே ஒரு குறை. இடது பக்கம் பேஸ் கொஞ்சம் மெலிவு. முன்பு இருந்த கலவரத்தில் இது தெரியவில்லை போல. காகிதத்தைத் தொடவில்லை, சத்தியமாக. பசை ஏதாவது பின்துளையில் போயிருக்குமோ?

இரவுக்குயில்:

நான் சொன்ன ஃபோமுக்கு இப்போதாவது மரியாதை கிடைக்குமா?

சால்டர்புகை:

கிடைக்கலாம், பொறுங்கள். செவிவழி, இடது இயர்பட்டை வலது காதிலும் வலதை இடது காதிலும் மாற்றி வையுங்கள். கோணலாக இருக்கும், பரவாயில்லை. மெலிவு இயர்பட்டோடு சேர்ந்து இடம் மாறினால் கோளாறு அதற்குள். மெலிவு இடது காதிலேயே நின்றால் இயர்பட்டைத் திறக்கவே வேண்டாம்.

செவிவழி:

இடது காதிலேயே நிற்கிறது. விரலால் லேசாக அழுத்தினால் பேஸ் வந்துவிடுகிறது.

சால்டர்புகை:

அப்படியானால் அந்தக் காதுக் குழியில் கூடு சரியாக உட்காரவில்லை, பக்கவாட்டில் காற்று கசிகிறது. இந்த வகை இயர்பட்ஸ் காதை அடைப்பதில்லை, வாசலில் உட்காருவதோடு சரி. சிறு இடைவெளி விட்டாலும் முதலில் போவது பேஸ்தான். இரண்டு பக்கமும் முழு ஃபோம் போடுங்கள், நடுவில் ஓட்டை உள்ளது வேண்டாம். இடதுக்கு மட்டும் போதவில்லை என்றால் அங்கே ஒன்றின் மேல் இன்னொன்று போடலாம். ஹை, அதாவது கீச்சென்ற மேல் ஒலிகள், கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான்.

இரவுக்குயில்:

👍

செவிவழி:

முழு ஃபோமே போதுமானதாக இருக்கிறது, இரண்டாவது தேவைப்படவில்லை. இரவுக்குயிலுக்கும் நன்றி சொல்லிவிடுகிறேன். அடுத்து மைக் வைத்த கேபிள் முயற்சி செய்யலாமா என்று யோசிக்கிறேன். நான்கு முனை ஜாக்கில் கிரவுண்ட் எது, மைக் எது?

ரேடியோ மாமா:

இப்போதைய போன்களில் சிடிஐஏ வரிசை தம்பி: நுனி இடது, அடுத்தது வலது, மூன்றாவது கிரவுண்ட், அடி மைக். பழைய சில போன்களில் கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கும், அதற்கு ஓஎம்டிபி என்று பேர். மாற்றி வைத்தால் கிரவுண்ட் விட்ட கதைதான், குரல் மறுபடி காணாமல் போகும். மைக் பட்டனை அழுத்திப் பிடித்தால் மட்டும் திரும்பி வரும். ஜாக்கின் மூடியைக் கம்பியில் கோத்துவிட்டுப் பற்று வையுங்கள்.