வசந்தாவுக்கு ஆபரேஷன் ஏன் இன்னும் நடக்கவில்லை?

குமார் மாமா: என்ன நடக்கிறது அங்கே? குடல்வால் வீக்கம் என்று நேற்று ராத்திரியே ஸ்கேனில் சொல்லிவிட்டார்கள், இன்னும் தியேட்டருக்குக் கொண்டுபோகவில்லையாமே. வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடலாமா?

நித்யா: மாற்றவே வேண்டாம் மாமா. சித்தி ஐசியூவில் இருக்கிறார். பல்ஸ் 150, காய்ச்சல் 104, சித்தப்பாவையே யாரென்று கேட்கிறார். வெறும் குடல்வாலுக்கு இவ்வளவு ஆகாது. தைராய்டு ஸ்டார்ம் என்கிறார்கள், அதாவது தைராய்டு ஹார்மோன் எக்கச்சக்கமாகி உடம்பையே ஆட்டிவைக்கிற நிலை.

சுமதி அத்தை: அவள்தான் மாத்திரை போடுகிறாளே?

நித்யா: தைராய்டு சுரப்பைக் குறைக்கிற கார்பிமசோல் மாத்திரையைத் தீபாவளிக்கு அப்புறம் தொடவே இல்லையாம், உடம்பு தேறிவிட்டது என்று. அதை நிறுத்தியிருக்கும்போது இப்படி ஒரு தொற்று வந்தால் சுரப்பு கட்டுமீறிப் போய்விடும். இந்த நிலையில் மயக்க மருந்து கொடுத்துக் கத்தி வைத்தால் இதயம் தாங்காது.

சுமதி அத்தை: ஐயோ, எனக்கும் தைராய்டுதானே 😟

நித்யா: உங்களுக்குச் சுரப்பு குறைவு அத்தை, சித்திக்கு அதிகம். நேர் எதிர். ஆனால் நீங்களும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

குமார் மாமா: அதுவரை குடல்வால் வெடித்துவிட்டால்?

நித்யா: வெடித்திருந்தால் இவ்வளவு காத்திருக்க மாட்டார்கள். ஸ்கேனில் அப்படி இல்லை, ஆன்டிபயாடிக் ஓடுகிறது, சர்ஜன் வந்து வந்து வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார். வாந்தி நிற்காததால் தைராய்டு மருந்தை மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கிறார்கள். இதயத்துடிப்பைக் குறைக்கப் புரோப்ரனலால், கூடவே ஸ்டீராய்டு ஊசி. இதெல்லாம் போய் ஒரு மணி நேரமாவது கழித்துத்தான் அயோடின் சொட்டு.

குமார் மாமா: உப்பில் போடுகிற அதே அயோடினா? அதற்கு எதற்குக் காத்திருக்க வேண்டும்?

நித்யா: அதேதான். அந்தத் தைராய்டு மருந்தால் சுரப்பியை முதலில் பூட்டாமல் அயோடினைக் கொடுத்தால் அதை வைத்தே இன்னும் ஹார்மோன் செய்துவிடும். பூட்டிய பிறகு கொடுத்தால் உள்ளே இருப்பதை வெளியே விடாமல் நிறுத்தும். சித்தப்பா, வீட்டில் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் ஏதாவது கொடுத்தீர்களா? இதில் அது ஆகாது, கொடுத்திருந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

சித்தப்பா: பாரசிட்டமால் மட்டும்தான் அம்மா. பல்ஸ் இப்போது 115. என் பெயரைச் சொன்னாள். இப்படியே இறங்கினால் சாயங்காலம் தியேட்டர் என்கிறார்கள்.

குமார் மாமா: சரி மாப்பிள்ளை, நான் கிளம்புகிறேன். பழைய ரிப்போர்ட் கவர் எந்த அலமாரியில் இருக்கிறது?