ஐந்து பகிர்வு லைசென்ஸ், வேலை செய்வது மூன்று பேர்: ஆனாலும் ‘காலி இல்லை’ என்கிறது

கேள்வி – அச்சுப்பட்டறை
எங்கள் வடிவமைப்பு அலுவலகத்தில் எட்டுப் பேர். மென்பொருளுக்கு ஐந்து பகிர்வு லைசென்ஸ் வாங்கியிருக்கிறோம், அவற்றைக் கணக்கு வைத்துக் கொடுப்பது சர்வரில் உள்ள ஃபிளெக்ஸ்நெட் மென்பொருள். இன்று மூன்று பேர்தான் வேலை செய்கிறார்கள், நான்காவது ஆளுக்கே இடமில்லை என்று வருகிறது. விற்பனையாளர் இன்னும் இரண்டு வாங்கச் சொல்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?

சர்வர் அறை
அவர் வேறென்ன சொல்வார்! பணத்தை எடுக்கும் முன் சர்வரில் எல்எம்ஸ்டாட் கட்டளையை ஓட்டுங்கள். எந்த லைசென்ஸை யார், எந்தக் கணினியில், எப்போது எடுத்தார் என்று வரிவரியாகக் காட்டும். இந்த முறையில் எத்தனை கணினிகளில் நிறுவியிருக்கிறீர்கள் என்பது பொருட்டல்ல. ஒரே நேரத்தில் எத்தனை வெளியே போயிருக்கிறது என்பதுதான் கணக்கு.

அச்சுப்பட்டறை
பார்த்தேன். ஒன்று நேற்று மாலை 6:40க்கு எடுத்தது. அந்த நண்பர் திரையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். இன்று விடுப்பு வேறு. இன்னொன்றில் ஆள் பெயரே இல்லை, ‘ரிசர்வேஷன்’ என்று மட்டும் இருக்கிறது.

சர்வர் அறை
முன்பு சர்வரைப் பார்த்துக்கொண்டவர் யாருக்கோ ஒதுக்கி வைத்திருக்கிறார். ஒதுக்கியது சும்மா கிடந்தாலும் மற்றவருக்குக் கிடைக்காது. லைசென்ஸ் பங்கீட்டு விதிகள் எழுதியிருக்கும் ஆப்ஷன்ஸ் கோப்பில் ‘ரிசர்வ்’ வரியை நீக்கிவிட்டு, எல்லோரும் போன பிறகு லைசென்ஸ் சேவையை மறுபடி தொடங்குங்கள். அதே கோப்பில் ‘டைம்அவுட்’ 3600 வினாடி என்று எழுதினால், ஒரு மணி நேரம் சும்மா கிடப்பது தானாகத் திரும்பிவிடும். ஆனால் மென்பொருளும் இதற்கு ஒத்துழைக்க வேண்டும், எல்லாம் ஒத்துழைப்பதில்லை.

பழைய வரைவாளர்
புதுப்பிக்கும்போது ஒப்பந்தத்தையும் படியுங்கள். ஆட்டோகேட் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2020 ஆகஸ்டில் பகிர்வு முறையைக் கைவிடத் தொடங்கி, ஒன்றுக்கு இரண்டாகப் பெயர்வாரி லைசென்ஸ் (குறிப்பிட்ட ஒருவர் மட்டும் பயன்படுத்துவது) மாற்றித் தந்தது. ஒன்றை மூன்று பேர் முறை வைத்துப் பயன்படுத்திய அலுவலகத்துக்கு அது நஷ்டக் கணக்கு. விண்டோஸ் சர்வரைப் பயன்படுத்துவோருக்காக வாங்கும் அணுகல் உரிமமும் பொதுவாக ‘ஒரே நேரத்தில் எத்தனை பேர்’ என்று பார்ப்பதில்லை. ஆளுக்கு ஒன்று அல்லது கருவிக்கு ஒன்று. மூன்று ஷிப்டும் ஒரே கணினியில் என்றால் கருவிக்கு வாங்குவதே மலிவு.

அச்சுப்பட்டறை
ரிசர்வ் வரியை நீக்கிவிட்டேன், டைம்அவுட்டும் வேலை செய்கிறது. நன்றி ஐயா. ஆனாலும் முதலாளி ஆதாரம் கேட்கிறார்.

சர்வர் அறை
சர்வர் பதிவேட்டில் லைசென்ஸ் கிடைக்காத ஒவ்வொரு முறையும் ‘டினைடு’ என்று ஒரு வரி விழும். ஒரு மாத வரிகளை நேரத்துடன் எடுத்துக் கொடுங்கள். வேலை நேரத்தில் அடிக்கடி விழுந்தால் ஒன்று வாங்கலாம், இரண்டு வேண்டாம்.